ஒரே பாட்டில் நான்கு டிரம்மர்கள்

எங்கள் இசைக்குழுவில் இதுவரை பதினோரு பேர் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இப்போது சபை ஊழியத்தில் இருக்கிறார். ஒருவர் திருவனந்தபுரத்தில் மாமனாரின் பர்னிச்சர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் மூன்றே மூன்று ஒத்திகைக்கு வந்தவர், ஆனாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் எங்கள் குழுவின் பெயரைப் போடுகிறார் என்று கேள்வி. இப்போதிருப்பவரைத் தவிர மீதிப் பேர் வளைகுடா நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். பாடகர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். டிரம்மர்கள் நான்கு. கிட்டார் ஆரம்பத்திலிருந்தே என் அண்ணன். கீபோர்டும் ஆரம்பத்திலிருந்து ஒரே ஆள். அது நான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், பஹ்ரைனிலிருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பித்துப் பிடித்துப்போய் இந்தக் குழுவை ஆரம்பித்தான். அவற்றில் இருந்தது ப்ளூஸ் ராக். பாடுபவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்கு அவ்வளவாகப் புரியவில்லை. ஆனால் ஒரு வரியைச் சொல்லி, அதே வரியை இன்னொரு தடவை சொல்லி, மூன்றாவது வரியில் ஒரு போடு போடுவது எங்களுக்குப் பழகிய விஷயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் சண்டை போடுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

நான் அப்போது சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டே ரெண்டு வாரம் வாட்டி மக்கா, பின்ன வேற ஆளு வந்துரும்," என்று அண்ணன் கூப்பிட்டான். வேறு ஆள் வரவில்லை. நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சி முடித்து, பள்ளிக்கூட வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, அந்த இரண்டு வாரத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் வாசித்தேன். கீபோர்டுக்கும் எனக்கும் நடுவில் அவள் இருந்தாள்.

ஒத்திகை கீரிப்பாறை போகும் வழியில். அங்கே எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன ரப்பர் தோட்டம், எங்கள் பேச்சில் விளை, உண்டு. ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் தொங்கவிட்டுப் புகை போடுகிற கட்டடம் ஒன்று அதில் சும்மா கிடந்தது. சுவர் கனம், பக்கத்தில் வீடு கிடையாது. ஆனால் அந்த வாடை எங்கள் துணிகளை விட்டுப் போவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள்.

இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

முதலாவது, வளைகுடாவுக்குப் போகிறவர் எங்கள் குழுவை விட்டுப் போவதில்லை. அவர் இடம் அவருடையது. லீவில் வந்தால், அந்த இடத்தில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் எழுந்து கொடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாக வந்துவிட்டால் மூத்தவருக்கு முதலிடம். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பேஸ் கிட்டார்க்காரர்கள் ஒரே ஒயரின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றபோது நான்தான் இந்தச் சட்டத்தைப் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது, ஆள் மாறுவது மேடையில்தான், அதுவும் பாட்டு நடக்கும்போதுதான். அதற்கென்று மெதுவான, நீளமான ஒரு பாட்டு வைத்திருக்கிறோம். மாறும் பாட்டு என்று அதற்குப் பெயர். அண்ணன் எழுதியது:

கடைசி பஸ்ஸும் வந்தாச்சு, கைகாட்டியும் நிக்கல
கடைசி பஸ்ஸும் வந்தாச்சு, கைகாட்டியும் நிக்கல
கண்டக்டர் என்னப் பாத்துச் சிரிச்சான், காரணம் மட்டும் வெளங்கல

இந்தப் பாட்டின் நடுவில் போகிறவர் வருகிறவரிடம் வாத்தியத்தைக் கொடுப்பார். பாட்டு நிற்கக் கூடாது. கிட்டாரென்றால் சுலபம். டிரம்ஸ்தான் உயிரை எடுப்பது. எங்கள் டிரம்ஸுக்கு வட்ட ஸ்டூல் கிடையாது. பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றை இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறோம். வருகிறவர் இடப்பக்கமாக வந்து ஒட்டி உட்காருவார். பழையவர் இடக்கை ஸ்டிக்கைக் கொடுப்பார், பிறகு வலக்கை ஸ்டிக்கை. கடைசியாகக் கால். பெரிய டிரம்மை அடிக்கிற பெடலிலிருந்து ஒருவர் காலை எடுப்பதும் இன்னொருவர் வைப்பதும் இரண்டு அடிகளுக்கு நடுவில் முடிந்துவிட வேண்டும். தாளம் நின்றால் கூட்டம் கூவும். ஒரே ஒரு தடவை அப்படி நின்றது. அந்தக் கூவல் தோஹா வரைக்கும் காதில் விழுந்தது என்று அந்த டிரம்மரே சொன்னார்.

இனி மகள் விஷயம்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில், ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில், மேடையில் வேத வசனம் சொல்ல நின்றாள். முதல் வரி சொன்னாள். அதோடு நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. நான் பத்தடி தூரத்தில் ஆர்கனில் இருந்தேன். யாராவது அவளைக் கீழே கூட்டிவருவார்கள் என்று நான் பார்த்தேன், நான் கூட்டிவருவேன் என்று மற்றவர்கள் பார்த்தார்கள். அதன்பின் இரண்டு நாள் அவள் பேசவில்லை. பிறகு மேடையே ஏறவில்லை. அன்றிலிருந்து மேடைப் படியை அவள் கடந்து போனாலே நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போனவள் அங்கே விடுதித் தோழியோடு சேர்ந்து டிரம்ஸ் அடிக்கப் பழகினாள். லீவுக்கு வந்தால் புகைக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அடிப்பாள். நல்ல உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் எங்கள் நான்காவது டிரம்மருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணம் கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள். அதே நாளில்தான் கொட்டாரத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் எங்கள் நிகழ்ச்சி. அண்ணன் அவரைப் போனில் பிடித்து, "தாலிகெட்டு எத்தன மணிக்குடே?" என்று கேட்டான்.

"பதினோரு மணிக்கி."

"அப்பம் சாயந்திரம் சும்மாதான இருப்ப?"

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பெண் வீட்டார் அறையில் இருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

அண்ணன் குழுவின் வாட்ஸப்பில் "இந்த வருஷம் டிரம்ஸ் காலி" என்று சோகமாக ஒரு வரி போட்டான். போட்டுவிட்டு என்னிடம் சொல்லாமல் என் மகளைக் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு அன்று மாலை அவளே போனில் சொன்னாள்.

"எம்மா, மாமா கூப்பிட்டாவ. டிரம்ஸுக்கு நாந்தான்."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தன மாமா இருக்காவ?"

"நீ செரின்னு சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு."

"பரீட்ச?"

"அதுக்கு முன்னாலயே முடிஞ்சிரும்."

"கை கால் வலிச்சா?"

"தைலம் போடுவேன்."

"இல்ல மக்களே, மேடையில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவள், "தெரியும்மா," என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்கால் போட்டு நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆண்டவரே, ஏதாவது ஒரு தடங்கல் தாரும். மழையானாலும் போதும், கரண்டு போனாலும் போதும், அவள் அந்த மேடையில் ஏறாமல் இருக்க வேண்டும். எனக்கு மூன்று தடங்கல் கிடைத்தது. மூன்றும் விமானத்தில் வந்து இறங்கியது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஒத்திகை. மகள் பெஞ்சில் உட்கார்ந்து ஆணி அடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டோ விளைக்குள் ஏறி வந்தது. அதிலிருந்து எங்கள் முதலாவது டிரம்மர் இறங்கினார். புதுக்கடை என்கிற ஊர்க்காரர், மஸ்கட்டில் லாரி உதிரிப் பாகங்கள் விற்கிற கடையில் மேனேஜர். போன தடவை பார்த்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். மிட்டாய் டின் ஒன்றை விரலால் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"டிரம்ஸ் காலியாமே," என்றார்.

அண்ணன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். மகள் அதற்குள் எழுந்து, ஸ்டிக்குகளை பெஞ்சின் மேல் வைத்து, "இரிங்க மாமா," என்றாள். சட்டம் அவளுக்குத் தெரியும். அவள் அந்தச் சட்டத்தோடு வளர்ந்தவள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டாவது டிரம்மர், கொட்டாரத்துக்காரர், துபாய் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர், போனில் தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்த வீடியோ இன்னும் எங்கள் குரூப்பில் கிடக்கிறது. பெரிய சிரிப்போடு "சர்ப்ரைஸ்" என்று சொல்லிக்கொண்டே படம் திரும்புகிறது, பெஞ்சில் புதுக்கடை அண்ணன் தெரிகிறார், படம் ஆடுகிறது, "இவரு எப்பம் வந்தாரு?" என்று ஒரு குரல் கேட்கிறது. அதோடு முடிகிறது.

"நீ எதுக்குடே வந்த?" என்று புதுக்கடை அண்ணன் கேட்டார்.

"குரூப்புல காலின்னு கண்டேன்."

"நானும் அங்கதாங் கண்டேன். வாறேன்னு ஒரு வார்த்த போட்டா என்ன?"

"நீங்க போட்டியளா?"

"போட்டா பின்ன சர்ப்ரைஸ் எங்க இருக்கு?"

இதற்குள் வாசலில் மூன்றாவது ஆள் நின்றுகொண்டிருந்தார். குலசேகரத்துக்காரர், கத்தாரில் கிரேன் ஓட்டுபவர், மூன்று பேரில் இளையவர். உள்ளே இரண்டு டிரம்மர்கள் இருப்பதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் திரும்பி நடக்கப் பார்த்தார். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தான்.

"எனக்கு எமர்ஜென்சி லீவாக்கும்," என்றார் அவர் பாவமாக. "சித்தப்பாவுக்கு ஆப்ரேஷன்னு சொல்லி வாங்குனேன்."

"எந்தச் சித்தப்பா?"

"எங்கப்பா ஒத்தப் பிள்ள."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக ஒரு நேரத்துக்கு ஒரு டிரம்மர் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். பேஸ் வாசிப்பவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவர், அவர் ஒரு பேப்பரை எடுத்து டோக்கன் போடட்டுமா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டம் போட்டவள் நானல்லவா. மூத்தவருக்கு மூன்று பாட்டு, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு என்று பிரித்தேன். மொத்தம் ஏழு. எங்கள் நிகழ்ச்சியே ஏழு பாட்டுத்தான்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றாள் மகள். "நான் ஒயர் சுத்துறேன்."

உண்மையைச் சொன்னால் எனக்கு உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அன்று மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை தொடர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன். ஏழில் நான்கு பாட்டு, இந்த மூவரும் போன பிறகு நாங்கள் போட்டவை. எங்கே நிற்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. மகள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த வரி முடிஞ்சதும் ஒரு நிறுத்து மாமா." "இப்பம் பைய." "இப்பம் எடுத்துக்கிடுங்க." அவர்கள் தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டிருந்தபோது அவள் விரல்கள் அந்த நாற்காலியின் கையில் ஓடிக்கொண்டிருந்தன. நான் கணக்கு டீச்சர், எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணிப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் சரியாக ஓடிக்கொண்டிருந்த தாளம் அந்த நாற்காலியில் மட்டும்தான் இருந்தது.

சாயந்திரம் பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன்.

"வெசனமா இருக்கா மக்களே?"

"இல்ல."

"இல்லியா?"

"ஒனக்கு நிம்மதிதானம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழி நெடுக இரண்டு பக்கமும் கும்பப்பூ போகத்து நெல் பச்சையாக நின்றது.

அடுத்த திங்கட்கிழமை அவள் கோயம்புத்தூர் போய்விடுவாள். படிப்பு முடியும், வேலை வரும். அடுத்த டிசம்பரில் எவர் எந்த நாட்டிலிருந்து வந்து குதிப்பார் என்று யார் கண்டது. அவள் கேட்கவும் மாட்டாள். நான் போட்ட சட்டத்தை மதித்து ஒயர் சுற்றிவிட்டுப் போய்விடுவாள். மேடையில் அவள் நின்றுபோவதை நினைத்து ஏழு வருஷம் பயந்தேன். ஏறாமலே போய்விடுவாள் என்பது அதைவிட மோசமான பயமாக இருந்தது. இது எனக்குப் புதிது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கடைசிப் பாட்டு மாறும் பாட்டுதான அண்ணே?"

"ஆமா."

"அத மூத்தவரு ஒத்தைக்கி அடிக்காண்டாம். நாலு பேரும் மாறி மாறி அடிக்கட்டும். மூத்தவரு மொதல்ல, கடசில பிள்ள. சட்டத்துக்கும் பழுதில்ல."

"ஒரு பாட்டுல மூணு மாத்தா? தாளம் நின்னா பின்ன கொட்டாரத்துல தல காட்ட முடியாதுட்டி."

"நிக்காது."

"யாரு சொன்னா?"

"நாந்தான்."

அவன் ரொம்ப நேரம் சிரித்தான். "போன ஞாயித்துக்கெழம மழைக்கி ஜெபிச்சவ நீதானட்டி."

"நான் மனசுக்குள்ளதான ஜெபிச்சேன்."

"பாதி சபைக்கிக் கேட்டுது."

மகளிடம் சொன்னபோது அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "எங்கிட்ட யாரும் கேக்கல்லியே," என்றாள்.

"இப்பம் கேக்கேன்."

"நின்னுபோச்சுன்னா?"

ஏழு வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நின்னா நின்னுட்டுப் போட்டும். நான் பக்கத்துலதான இருப்பேன்."

"அப்பமும் பக்கத்துலதான் இருந்த."

துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை உதறிக்கொண்டே, "செரி, அடிக்கிறேன்," என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நானும்தான்.

நிகழ்ச்சி அன்று மாலை ஐந்தரைக்கு. மன்றத்தின் செயலாளர் முதலிலேயே வந்து, ஏழு மணிக்குப் பரிசளிப்பு, ஒரு நிமிஷம் கூடக் கூடாது, விருந்தினருக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேடையின் பின்னோரத்தில் கோப்பைகளும் எவர்சில்வர் பாத்திரங்களும் அடுக்கியிருந்த மேசை. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசைகளில் பெண்கள், பின்னால் லீவுக்கு வந்த ஆண்கள் கூட்டம் கூட்டமாக. என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். மழை இல்லை. குடை வைத்திருந்தார். என் ஜெபம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

முதல் ஆறு பாட்டுகள் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. விரல் தானாக ஓடியது. கொட்டாரத்துக்காரருக்கு அது சொந்த ஊர் என்பதால் ஒவ்வொரு அடிக்கும் விசில் அடித்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆறே முக்காலுக்கு அண்ணன் மைக்கில், "இனி மாறும் பாட்டு. இந்த முற மூணு மாத்து. எண்ணிக்கிடுங்க," என்றான். பின்வரிசையிலிருந்து ஓவென்று சத்தம் கிளம்பியது. எண்ணுவதற்கு அவர்கள் தயாராக இருந்தார்கள். கூவுவதற்கும்தான்.

புதுக்கடை அண்ணன் ஆரம்பித்தார். மெதுவான பாட்டு. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் அதிகம். நான்கு அடி ஒரு கட்டம், பன்னிரண்டு கட்டம் ஒரு சுற்று. நான்கு சுற்றில் அவருக்கு வேர்த்து வழிந்தது. கொட்டாரத்துக்காரர் வந்து ஒட்டி உட்கார்ந்தார். பெருத்த உடம்பு ஒன்று, ஒல்லி உடம்பு ஒன்று, பெஞ்சு கிரீச்சென்றது. இடது ஸ்டிக், வலது ஸ்டிக், கால். ஒன்று என்று கூட்டம் கத்தியது. இன்னும் நான்கு சுற்று. குலசேகரத்துக்காரர் வந்தார். இடது, வலது, கால். இரண்டு.

அவர் கிரேன் ஓட்டுபவர் மாதிரிதான் அடிப்பார், மேலே தூக்கிக் கீழே போடுவார். கூட்டத்துக்கு வெறி ஏறிவிட்டது. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். நான்கு சுற்று முடிந்தது. மகள் பெஞ்சின் இடப்பக்கம் வந்து நின்றாள், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு. அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். ஐந்தாவது சுற்று. ஆறாவது. செயலாளர் மேடைப் படியில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஏழாவது சுற்று தொடங்கியது. மகளின் கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிற்பு எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் பார்த்த நிற்பு.

எனக்குப் பக்கத்தில் பாடகரின் மைக் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் நான் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வலக்கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, மைக்கை என் பக்கம் இழுத்து, "ஏலே மக்கா, எழும்பு," என்றேன்.

கொட்டாரம் முழுவதும் கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார். அவர் முன்னாலும் ஒரு மைக் இருந்தது.

"ஒரு ரவுண்டு கூட யக்கா."

"ஒன் சித்தப்பாவுக்கு எப்படிலே இருக்கு?" என்றேன்.

குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது புரியும். ஆனால் அண்ணன் சிரித்த சிரிப்பில் கிட்டார் ஒரு மாதிரி ஊளையிட்டது, அதைக் கேட்டுக் கூட்டமும் சிரித்தது, முன்வரிசைப் பெண்கள் தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டே "எழும்புலே, எழும்புலே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டில் இல்லாத அந்த வரி பாட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. குலசேகரத்துக்காரர் சிரித்துக்கொண்டே வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

மகள் உட்கார்ந்தாள். இடது ஸ்டிக்கை வாங்கினாள். வலது ஸ்டிக்கை வாங்கினாள். நான் அவள் காலைப் பார்த்தேன். அவருடைய பெரிய ஷூ மேலே எழுந்தது, அவளுடைய வெறுங்கால் உள்ளே போனது, டிரம் அடித்தது. மூன்று என்று கூட்டம் கத்தியது. எனக்கு என் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மூன்று கட்டம் ஒழுங்காகப் போயிற்று. நாற்காலியின் கையில் கேட்ட அதே தாளம். நான்காவது கட்டத்தின் முதல் அடி வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

இரண்டு ஸ்டிக்கும் அவள் தோளுக்கு மேல் நின்றன. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அண்ணன் கடைசியாக மீட்டிய ஒற்றை ஸ்வரம் மட்டும் காற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. பேஸ் நின்றுவிட்டது. நானும் நிறுத்திவிட்டேன். பின்வரிசையில் எவரோ கூவ வாயெடுத்து அதை விழுங்கினார். இரண்டாவது அடி. ஏழு வருஷத்துக்கு முன் வசனம் மறந்து நின்ற பிள்ளையும் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த நானும் இந்த மேடைக்குத் திரும்பி வந்துவிட்டோம். மூன்றாவது அடி. எழுந்து போய் அவளைக் கீழே கூட்டிவந்துவிட வேண்டும் என்று முழங்காலை நிமிர்த்தினேன். நான்காவது அடி. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடித்தாள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடித்தாள். டிரம், வெண்கலத் தட்டு, எல்லாம். அடுத்த கட்டத்தின் முதல் அடி எங்கே விழ வேண்டுமோ மயிரிழை பிசகாமல் அங்கேயே விழுந்தது. கூட்டத்திலிருந்து வந்த சத்தத்தை நான் இதற்கு முன் எங்கள் நிகழ்ச்சி எதிலும் கேட்டதில்லை. மூன்று டிரம்மர்களும் மேடை ஓரத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். புதுக்கடை அண்ணன் குதித்ததில் பலகை ஆடிக் கோப்பை ஒன்று உருண்டது. நான் பாதி எழுந்த நிலையில் வளைந்து நின்றுகொண்டிருந்தேன்.

"ஏட்டி," என்று அண்ணன் காதருகே கத்தினான், "வாசி."

வாசித்தேன். எந்தக் கட்டையை அழுத்தினேன் என்று தெரியாது. யாரும் குறை சொல்லவில்லை.

ஏழு மணி கழிந்து எட்டாவது நிமிஷத்தில் முடித்தோம். செயலாளர் எதுவும் சொல்லவில்லை, அவர் தன் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவரும் ஆடியிருக்க வேண்டும். மகள் மேடைக்குப் பின்னால் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக் இரண்டும் கக்கத்தில். மூன்று டிரம்மர்களும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, அந்த நிறுத்து யார் சொல்லிக்கொடுத்தது, எங்கே படித்தாய், அடுத்த வருஷம் எங்களுக்கும் சொல்லித் தா என்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போனேன்.

"மக்களே, உண்மையச் சொல்லு. நின்னுபோச்சா, நிறுத்துனியா?"

அவள் சோடாவை முழுவதும் குடித்து முடித்தாள்.

"மொத ரெண்டு அடி நின்னுபோச்சும்மா," என்றாள். "பின்ன ரெண்டு அடி, இது கொள்ளாமேன்னு நானே நிறுத்துனேன்."

மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல், ஓடிவந்த வீட்டுக்காரர் குடையை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். எழுந்திரு என்று நான்கு டிரம்மர்களும் கையை நீட்டினார்கள், என்னால் எழ முடியவில்லை. பரிசு வாங்க வந்தவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றித்தான் மேடைக்கு ஏறிப் போனார்கள்.